பின்னறை ஆபீஸ்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வைக்க இடம் தேடியபோது கிடைத்தது ஒரே ஓர் அறைதான். பின்கட்டில், கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னலும் ஒரு கோரைப்பாயும் உள்ள சின்ன அறை. வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் விலகி உட்காருவதற்கென்றே இருந்தது அது. மற்ற நாளெல்லாம் பூட்டுகூட இல்லாமல் சும்மா கிடக்கும். மாமியாருக்கு அந்தத் தேவை தீர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. வீட்டில் வேறு பெண் நான் ஒருத்திதான். ஆகவே மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், கூடத்திலிருந்து முற்றம் வழியாக இழுத்து வந்த டெலிபோன் ஒயர் எல்லாம் அங்கே குடியேறின.

இது இரண்டாயிரத்து நான்கு வாக்கில், திருத்தணியில். வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்ப்பது என்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது.

மாமனார் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல். அவருடைய அப்பாவும் அதே அடுப்புதான். விடிவதற்கு முன்பே குளித்து, மடி வேஷ்டி கட்டி மலையேறிவிடுவார். மத்தியானம் கழித்து இறங்கி வருவார். அவர் சுவாமிக்குச் சமைக்கிறவர் என்பதால் வீட்டில் ஆசாரம் கொஞ்சம் தூக்கல். அந்த மூன்று நாள் நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. யாரையும், எதையும் தொடக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் இதை நினைத்து எனக்கு ரத்தம் கொதிக்கும். வேலூரில் கல்லூரியில் படித்தபோது பெண் விடுதலை பற்றிப் பேசி எவர்சில்வர் கிண்ணம் பரிசு வாங்கியவள் நான். அந்தக் கிண்ணத்தில்தான் அந்த மூன்று நாளும் எனக்கு ரசம் வந்தது.

கம்ப்யூட்டரைத் தொடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. மாமனார் சற்று யோசித்தார்.

"கரண்ட்ல ஓடறதுதானே? கரண்ட்னா அக்னி. அக்னிக்குத் தீட்டு கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றும் நான் மதிக்கிறேன்.

என் வேலை, அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிப்பது. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார், விட்டால் நிறுத்துவார். பக்கத்து வீட்டு மாமி ஜன்னல் வழியாக என் காலைப் பார்த்துவிட்டு, "தையலா? எனக்கு ரெண்டு ஜாக்கெட் தைச்சுத் தரயா?" என்றாள். முதலில் இதே வேலையைச் சென்னையில் ஓர் ஆபீஸில் பார்த்தேன். விடியற்காலை ரயில், அரக்கோணத்தில் கூட்டம், அப்புறம் பஸ், திரும்ப அதே கூத்து. நாளில் ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே போய்விடும். ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தேன். பிறகு மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்து செய்ய ஆறு மாதம் அனுமதி வாங்கினேன். ஆறு மாதத்தில் தினசரி அடிக்கும் வரிகள் குறையாமல் இருந்தால் தொடரலாம். குறைந்தால் மறுபடி ரயில். ரயில் முடியாதென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். எனக்கு இரண்டுமே ஆகாது. ரயில் என் உடம்பைத் தின்றது, சும்மா இருப்பது என் மூளையைத் தின்றுவிடும்.

முதல் மாதம் வரிகள் சரிந்தன. வீட்டில்தானே இருக்கிறாள் என்ற ஒரு வாக்கியம் போதும், எந்த ஆபீஸும் படுத்துவிடும். பால்காரர், கரண்ட் ரீடிங், கொரியர் எல்லாவற்றுக்கும் நான்தான். "இன்னாம்மா, ஊட்லதான கீறீங்க? எவ்ளோ நேரமா கதவத் தட்டிகினே இருக்கேன்" என்று சிலிண்டர்காரர் என்னைக் கோபித்துக்கொள்வார். குழம்புக்குப் புளி கரைப்பதற்கும் அப்பளம் பொரிப்பதற்கும் நடுவில் ஒரு இதய நோயாளியை முடிக்க வேண்டும். இன்டர்நெட்டும் டெலிபோன் ஒயரிலேயே வந்ததால், மாமியார் யாருக்காவது போன் செய்ய ரிசீவரை எடுத்தால் அது அறுந்துவிடும். பாதி அனுப்பிய பைல் பாதியிலேயே நிற்கும்.

மாமியாரைக் குறை சொல்லவில்லை. அவர் புத்தூர்ப் பக்கத்துக்காரர், மனசு இளகினால் பேச்சு தெலுங்குக்குப் போய்விடும். என் வேலையில் இந்த வீட்டிலேயே அதிக அக்கறை காட்டியவர் அவர்தான். அக்கறை என்றால், நோயாளிகள் மேல்.

"ஏண்டிம்மா, நேத்து கிட்னில கல்லுன்னியே, அந்த மாமாவுக்கு இப்ப தேவலையா?"

"தெரியாதும்மா. இன்னிக்கு வேற டாக்டர், வேற ஆளு."

"ஐயோ பாவம். அப்பறம் என்ன ஆச்சுன்னே தெரியாம எப்படிடி நிம்மதியா இருக்க?"

பேர் ஊர் எதையும் நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனாலும் அமெரிக்காவில் முகம் தெரியாத ஒரு கிட்னிக்காக அவர் அன்று மாலை விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டார். முழங்கால் கேஸ் வந்தால் மட்டும் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார். என்ன தைலம் போடுகிறார்கள், படி ஏறச் சொல்கிறார்களா, கீழே உட்காரலாமா. நான் காதில் ஹெட்போனோடு ஏதோ பதில் சொல்லி வைப்பேன்.

இரண்டாவது மாதம் மேற்பார்வையாளர் போன் செய்தார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் குரலில் மட்டும் நரை.

"மேடம், உங்க ரிப்போர்ட் பார்த்தேன். மாசம் பூரா சுமார். ஆனா நடுவுல மூணு நாள் மட்டும் டபுள் அடிச்சிருக்கீங்க. போன மாசமும் அப்படித்தான். அந்த மூணு நாள் என்ன பண்றீங்களோ அதையே முப்பது நாளும் பண்ணுங்க."

நான் என்னவென்று பதில் சொல்வது. "சரி சார்" என்றேன்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். அட, ஆமாம். அந்த மூன்று நாள் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அடுப்பு இல்லை, சிலிண்டர் இல்லை, பால் இல்லை. சாப்பாடு வேளைக்கு வாசற்படி வரைக்கும் வந்துவிடும். உலகத்தில் எந்த ஆபீஸும் ஊழியருக்கு இப்படி ஒரு வசதி செய்து தராது. பெண்ணை மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்தை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடுகிறது என்றால் மூலையை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன அசடா?

அடுத்த மாதம் நாலாவது நாள் காலை தலைக்குக் குளிக்க வேண்டிய நேரத்தில், "இன்னும் நிக்கலைம்மா" என்றேன். மாமியார் காபியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நாலு நாள் அப்படியே ஐந்தானது. அதற்கடுத்த மாதம் ஆசை இன்னும் நாலடி வைத்தது. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டாம் தரமும் போய் உட்கார்ந்துவிட்டேன். வரிகள் எகிறின. மேற்பார்வையாளர் மற்ற ஊழியர்களுக்கு என்னை உதாரணம் காட்டினாராம்.

அரக்கோணத்தில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வரும் என் கணவர் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "உனக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். அவரிடமும் நிஜத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் அம்மாவிடம் உளறிவிடுவார்.

வினை என் முதுகு வழியாக வந்தது. அந்த அறையில் நடமாட இடமில்லை. வெளியே சுற்றவும் முடியாது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணி நேரம் நாற்காலியே கதி. அந்த நாற்காலியோ சாப்பாட்டு மேஜையோடு வந்த மர நாற்காலி. கழுத்து திரும்பாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். கிணற்றடிக்கு முகம் கழுவ நான் இடுப்பில் கை வைத்தபடி நடந்து போவதை மாமியார் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பார். கல்யாணமாகி இரண்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை, மாதம் இரண்டு தரம், இப்போது இடுப்பு வலி. அவர் கணக்கு வேறு எங்கோ போய் நின்றது.

ஒரு நாள் என்னை ஆட்டோவில் ஏற்றி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கேட்டபோது மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் நான் சொல்ல ஆரம்பித்தேன். இதில் என் தொழில் எனக்குச் செய்த துரோகத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை அமெரிக்கப் பெண்களின் கதையை டைப் அடித்திருக்கிறேன்! எத்தனை நாள், எவ்வளவு, எந்தப் பக்கம் வலி, தலைசுற்றல் உண்டா என்று அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நோயாளியை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்மா. அப்பறம் எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்" என்றார்.

எதுவா இருந்தாலும் என்ற சொல்லில் மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோவில் வரும்போது அவர் என் கையை விடவேயில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. நான் அந்த மாதத்தின் இரண்டாவது 'விலக்கில்' உட்கார்ந்திருக்கிறேன். காதில் ஒரு டாக்டர், திரையில் பாதி பைல், ஒன்பது மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். மலையடிவாரத்தில் பூவும் பூஜை சாமானும் விற்கிற அம்மா.

"யம்மா, மாமி குங்குமத்த என் கடையிலியே மறந்துட்டுப் போய்ட்டாங்க. மஞ்சாவ மட்டும் எடுத்துகினு படி ஏறிகினு கீறாங்க. ஊட்ல வேற ஆரும் இல்லியா?"

"எந்தப் படி?"

"இன்னா இப்டி கேக்கறீங்க? படி பூஜைம்மா. உங்களுக்கு ஒடம்பு தேவலையாவணும்னு வேண்டிகினு கீறாங்களாம். முட்டி வலியோட குனிஞ்சி குனிஞ்சி ஒவ்வொரு படிக்கா வச்சிகினு போறாங்க. பாக்கவே கஷ்டமாகீது."

எங்கள் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. மாமியார் கோயிலுக்குப் போனால் மலைப் பாதையில் பஸ்ஸில்தான் போவார். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடக்கூட ஏற மாட்டார், என்னைத்தான் அனுப்புவார். நான் உட்கார்ந்த நாட்களில் யார் மாடி ஏறினார்கள், யார் கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கினார்கள், யார் என் பங்குக்கும் சேர்த்து இத்தனை மாதம் நின்றார்கள் என்று அந்த நிமிஷம் வரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அமெரிக்க முழங்காலை எல்லாம் கேட்டுக் கேட்டு டைப் அடித்தவள், இரண்டு சுவர் தள்ளி இருந்த முழங்காலைக் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, புடவையை மாற்றி, அந்த அம்மா கொண்டு வந்த குங்குமப் பொட்டலத்தோடு ஓடினேன்.

நூறு படி தாண்டி, ஒரு மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே அவரைப் பிடித்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படியில் மஞ்சள் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"நீ எங்கடி இங்க? கோயில் படிடி இது. எறங்கு, எறங்கு. கையில வேற குங்குமத்தை வெச்சுண்டு, அபசாரம்."

"நான் வரலாம்மா."

"எப்படிடி வரலாம்? இன்னிக்கு ரெண்டாம் நாள்."

"இல்லைம்மா. நான் விலக்காகவே இல்லை."

படியேறிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது நாள், ஐந்தாவது நாள், இரண்டாம் தரம், டாக்டரிடம் ஒப்பித்தது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே மெல்லப் படியில் உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"அப்ப உனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லையா?"

"கழுத்து வலி, இடுப்பு வலிதாம்மா. உட்கார்ந்து உட்கார்ந்து."

"நிஜமா?"

"நிஜமாம்மா."

"அம்மய்யா" என்று தெலுங்கில் ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஒரு வாரமா நான் தூங்கலைடி. கண்ணை மூடினா அந்த டாக்டர் மூஞ்சிதான். கிட்னி மாமாவுக்கெல்லாம் நீ பொய் சொல்லாம எழுதற. என்கிட்ட மட்டும் பொய்யா?"

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். எதற்காகப் பிடித்தேனோ, மன்னிப்புக்கா முழங்காலுக்கா, தெரியவில்லை. இரண்டு முழங்காலும் வீங்கிச் சூடாக இருந்தன.

"ஏம்மா, வலிக்கறதுன்னு சொல்லப்படாதா?"

"எத்தனை தரம் கேட்டேன். அமெரிக்காக்காராளுக்கு என்ன தைலம்னு."

சொல்லிவிட்டு மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"வேண்டிண்டது வேண்டிண்டதுதான். பாதியில விடப்படாது. மிச்சப் படிக்கு நீ குனி. நான் பின்னாலயே வரேன்."

குனிந்தேன். ஒவ்வொரு படியாக மஞ்சள், குங்குமம், நிமிர்தல், மறுபடி குனிதல். ஐம்பதாவது படியில் என் இடுப்பு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஒன்பது மணி பைல் அம்போ. மேலே போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. மடப்பள்ளியிலிருந்து மாமனார் ஈரக் கையோடு எட்டிப் பார்த்து, நாங்கள் இருவரும் படியேறி வந்ததை நம்பாமல் மறுபடி உள்ளே போய்விட்டார்.

காற்றாட உட்கார்ந்திருந்தபோது மாமியார் எங்கோ பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அது நின்னப்போ அப்பாடான்னு இருந்தது. அப்பறம்தான் தெரிஞ்சது. அதோட சேர்ந்து அந்த மூணு நாளும் நின்னு போச்சு. அதுக்கப்பறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் உட்காரலைடி."

அவர் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மூன்று நாள் படுக்கை. நிஜமாகவே யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஆனால் ஒரு வரிகூட அடிக்க முடியவில்லை. மேற்பார்வையாளர் போனில் கத்தினார். நான் நடந்ததைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொன்னேன். இனிமேல் டபுள் வராது, ஆனால் தினமும் ஒரே அளவு வரும், வேண்டுமானால் இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று. முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். வீட்டிலும் ஒரு பேச்சு நடந்தது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்னை யாரும் கூப்பிடக் கூடாது, சிலிண்டர் வந்தால் பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வாள், அதற்குப் பதிலாக நான் அவளுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்துச் சொல்வேன். சாயங்காலச் சமையல் என்னுடையது. மாடி ஏறுவதும் என்னுடையது. மணிக்கு ஒரு தரம் எழுந்து கிணற்றில் ஒரு வாளி இறைப்பேன். கழுத்து தானாகவே திரும்ப ஆரம்பித்தது. அந்த ஒரு மாதம் கழித்து, தொடரலாம் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது.

அது வந்த மறுநாள் காலை மாமியார் பின்னறைக்குள் வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் கோரைப்பாயை விரித்து உட்கார்ந்தார்.

"இன்னிலேர்ந்து மூணு நாள் நான் உட்கார்றேன்" என்றார்.

மத்தியானம் இறங்கி வந்த மாமனார் வாசற்படியில் நின்று திகைத்தார்.

"உனக்கெதுக்குடி இப்ப இதெல்லாம்?"

"கிட்ட வராதேங்கோ" என்றார் மாமியார். "இவளையும் தொட்டுட்டேன். மூணு நாளும் அடுப்படி உங்களோடதுதான்."

மாமனாருக்கு மரக்கால் கணக்கில்தான் சமைக்கத் தெரியும். நாலு பேருக்கு ரசம் வைக்கத் தெரியாது. முதல் நாள் அவர் கிண்டிய புளியோதரையை நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம், தெருவும் சாப்பிட்டது. ராத்திரி வந்த என் கணவர் தோசை என்று ஒன்று வார்த்தார். அது ஆந்திரா வரைபடம் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

என்னிடம் ஒரு பக்கம் கேட்காமல் போன பழைய ஹெட்போன் ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் பார்க்கிறேன், அதை எடுத்து மாமியார் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தார்.

"கடுகு எங்கடி இருக்கு?" என்று மாமனார் கத்தினார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து, காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். ஹெட்போனின் ஒயர் எதிலும் செருகாமல் பாயில் கிடந்தது.